சாக்கில் சுற்றிய கரடிப்பொறி

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
6 மார்ச் 2005

அன்பின் ஞானேந்திரன் அண்ணைக்கு,

நானும் றொஷினியும் கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் மொன்-லோரியேயில் பனி இன்னும் இடுப்பளவு நிற்கும். இங்கே தெருவோரம் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தேன். இரண்டு தரமும் "பேந்து கதைப்பம் தங்கச்சி" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதை அப்படி வைத்துவிட முடியாதல்லவா.

றொஷினியின் அப்பா போய் மூன்றரை மாதமாகிறது. பதினொரு வருடம் குளிர்காலம் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் காட்டுக்குப் போனீர்கள். நரியும் பீவரும் நீங்கள் பிடிப்பீர்கள். கறள் பிடித்த பழைய பொறியாகத் தேடி வீட்டுக்குக் கொண்டுவருவார் அவர். அவருடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு மன்னாரிலிருந்து கூட ஆட்கள் தந்தி மாதிரிக் காகிதம் அனுப்பினார்கள். நாலு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் நீங்கள் வரவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விடவும் முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை முதலாம் திகதி வீடு விடுகிறேன். லவாலில் இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறோம். அங்கே பேஸ்மென்ற் இல்லை. இங்கே பேஸ்மென்றுச் சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு பொறி. எலிக்கு வைக்கிறதிலிருந்து ஓநாய்க்கு வைக்கிறது வரை. எதை யாருக்கு விற்பது, எது அருமையானது, எது வெறும் இரும்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? றொஷினி அந்தப் படியில் கால் வைக்கமாட்டாள். அவள் மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறவள், உங்களுக்குத் தெரியும். இந்தப் பொறிகளால்தான் அப்பாவோடு கடைசி ஆறு மாதமும் கதைக்காமல் இருந்தாள்.

நீங்கள் ஒரு நாள் வந்து பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. வர முடியாவிட்டால் எழுதியாவது விடுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
இமெல்டா

*

மொன்-லோரியே
17 மார்ச் 2005

அன்புள்ள தங்கச்சி இமெல்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பூசைக்கு வராதது என் பிழை. றோட்டில் உறைபனி என்று சொல்லிக்கொண்டேன். அது அரைவாசி உண்மை.

இப்போது வர வசதியில்லை. வானின் கியர் பழுது. ஆனபடியால் எழுதுகிறேன், கவனமாக வாசியுங்கள்.

முதலாவது, கறளைத் தேய்க்க வேண்டாம். எண்ணெய் பூச வேண்டாம். பளபளவென்று இருந்தால் சேகரிக்கிறவர்கள் தொடவும் மாட்டார்கள். பொறியின் நடுவில் மிருகம் மிதிக்கும் தட்டு ஒன்று இருக்கும். அதில் சோக்கைத் தடவித் துணியால் துடைத்தால் செய்தவனின் பெயரும் இலக்கமும் வெள்ளையாக எழும்பும். பெயர் எழும்பினவற்றை ஒரு பக்கம் வையுங்கள். சங்கிலியோடு இருப்பவற்றைச் சங்கிலியோடேயே விற்க வேண்டும். வில் இறுக்கமாக இருக்கும், விரல் கவனம்.

இரண்டாவது, பேஸ்மென்றை அப்படியே மொத்தமாக எடுக்கிறேன் என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். அவன் நாலு பொறிக்காகத்தான் வருகிறான், மிச்சம் சாட்டு. வசந்தகாலத்தில் வேட்டைக்காரர் கூடிப் பழைய சாமான் மாற்றுகிற சந்தைகள் இருக்கின்றன. வலனை அங்கே எல்லாருக்கும் தெரியும். அவன் பெயரைச் சொன்னால் வீட்டுக்கே வருவார்கள்.

மூன்றாவது, பெரிய பொறி ஒன்று சாக்கில் சுற்றியபடி எங்கோ இருக்கும். கரடிக்கானது, பல்லுள்ளது. அந்த மாதிரிப் பொறியைக் காட்டில் வைக்க இப்போது தடை, சுவரில் மாட்டலாம். அதை மட்டும் யாருக்கும் காட்ட வேண்டாம், விற்கவும் வேண்டாம். வான் சரிவந்ததும் நான் வந்து எடுக்கிறேன்.

றொஷினிக்கு என் அன்பு.

அண்ணன்
ஞானேந்திரன்

*

செயின்ட்-மிஷேல்
3 ஏப்ரல் 2005

அன்பின் அண்ணைக்கு,

நீங்கள் எழுதியபடி சோக்குத் தடவினேன். நான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெறியில் அவர்களின் கையிலிருந்து பறிக்கிற அதே சோக்கு. முப்பத்தெட்டில் பெயர் எழும்பியது. மிகவும் நன்றி.

முதலில் வந்தவர் லவால்காரர். வயதானவர், தொப்பியைக் கழற்றி மரியாதையாகப் பேசினார். எதைத் தொட்டாலும் "இது வெறும் இரும்பு மடாம்" என்றார். கடைசியில் மொத்தமாக எடுக்கிறேன் என்றார். நான் "நோன், மேர்சி", வேண்டாம் என்று சொல்லிப் படியேற விட்டேன். ஏறும்போது அவருடைய கோட்டுப் பைக்குள் சங்கிலி கிலுங்கியது. கையை நீட்டினேன். முகம் சிவக்காமல் எடுத்துத் தந்தார். பெயர் எழும்பின பொறி! அன்றிலிருந்து வருகிறவர்களின் கையைத்தான் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்கிறதில்லை.

அண்ணை, கோபிக்கக்கூடாது. உங்கள் மூன்றாவது விஷயத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாக்கைக் கண்டுபிடித்தேன். படிக்குக் கீழே, அவருடைய காட்டுச் சப்பாத்தோடு கிடந்தது. தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சாக்கில் ஊசியிலைகள் ஒட்டியிருந்தன. அவர் ஒவ்வொரு பொறியையும் எங்கே, எந்த நாளில் எடுத்தார் என்று கொப்பியில் எழுதி வைப்பவர். நூற்று நாற்பத்திரண்டு வரை எழுதியிருக்கிறார். கடைசியாக எழுதியது நவம்பர் 14. கரடிப்பொறி அதில் இல்லை. வெள்ளி 19ஆம் திகதி உங்களிடம் வந்தார். சனிக்கிழமை போய்விட்டார். அப்படியென்றால் இது அந்த இரண்டு நாளுக்குள் வந்த சாமான்.

இன்னொன்று. செத்தவீட்டன்று நீங்கள் பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனதை மேல்வீட்டு இரவிச்சந்திரன் கண்டவர். "பத்து நிமிஷம் நிண்டவர் அக்கா, நான் இறங்க, ஆள் விறுவிறெண்டு மேலை வந்திட்டார்" என்று இப்போதுதான் சொன்னார். அவ்வளவு சனம் அழுதுகொண்டிருக்க, கீழே என்ன தேடினீர்கள்?

அவர் உங்கள் மடியில் தலை வைத்துப் போனார் என்றும், "றொஷினியிலை எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லு" என்று சொன்னார் என்றும் நீங்கள் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் என் பிள்ளை இன்று எழும்பி நடமாடுகிறாள். அப்படிப்பட்ட உங்களிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கம். ஆனாலும் கேட்கிறேன். அந்தப் பொறி யாருடையது?

இமெல்டா

*

மொன்-லோரியே
12 ஏப்ரல் 2005

அன்புள்ள தங்கச்சிக்கு,

என்னைக் கள்ளனாக்கிவிட்டீர்கள். பரவாயில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் எழுதுவதைப் பெரிதாக எடுக்கக்கூடாது.

அந்தப் பொறி என்னுடையது. சங்கிலி விட்டுப்போயிருந்தது. வலன் தகர வேலைக்காரன்தானே, ஒட்டித் தருவான் என்று கொடுத்தேன். அவனுடையது இல்லையென்றபடியால் கொப்பியில் எழுதவில்லை. அவ்வளவுதான்.

செத்தவீட்டன்று கீழே போனது அவனுடைய சாமான்களைப் பார்க்க. பதினொரு வருடப் பழக்கம். எனக்கு அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. இரவிச்சந்திரனிடம் அதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்று தெரியாது.

மே மாதம் வருகிறேன். அதுவரை சாக்கை அவிழ்க்க வேண்டாம்.

ஞானேந்திரன்

*

செயின்ட்-மிஷேல்
1 மே 2005

ஞானேந்திரன் அண்ணைக்கு,

மே மாதம் வர வேண்டாம். முதலில் இதை வாசியுங்கள்.

நேற்று லொங்குய்யிலிருந்து மொசியே பெலான்ஜே என்று ஒருவர் வந்தார். பொறி சேகரிக்கிறவர்களில் இவர் பெரிய ஆளாம். பூதக்கண்ணாடியும் பல்தேய்க்கிற பிறஷும் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை நல்லது என்றும் பிற்காலத்தில் பெயர் குத்திய பொய்ச் சாமானைப் பொய் என்றும் சொன்னார். அவருடைய கை எந்தப் பைக்குள்ளும் போகவில்லை. அதனால் நான் சாக்கை அவிழ்த்தேன். ஓம், அவிழ்த்தேன்.

அவர் முழங்காலில் இருந்துவிட்டார். பொறியின் தாடையில் கொல்லன் வெட்டிய மூன்று கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கிழவர் ஒவிலாவின் பொறி. எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தர மறுத்த பொறி. வலன்ரைன் என்று யாரோ தகர வேலைக்காரனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த வலன்ரைன் உங்கள் புருஷனா?" என்று கேட்டார்.

எனக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும் என்று உங்களுக்குத் தெரியும். கார்டெறியில் பதினாறு வருடம். கிழவரிடமும் மகளிடமும் கேட்டதென்று அவர் சொன்னதில் ஒன்றையும் நான் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் இருவரும் அந்தக் கிழவரின் குடிசையிலிருந்து பொறியோடு புறப்பட்டீர்கள். கிழவரின் மகள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவள். பதினொன்றரைக்கு நீங்கள் அங்கே தனியாக இருந்து கோப்பி குடித்தீர்கள். இரண்டு கோப்பை. பிறகு அம்புலன்ஸ் போனபடியால் அவளுக்கு நல்ல ஞாபகமாம்.

பெலான்ஜே இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான் எல்லாம் அறிந்தவள் என்று நினைத்துக் கதைத்தார். நல்ல காலம், றொஷினி வேலையில் இருந்தாள்.

பதினொரு மணிக்கு அவர் உங்கள் மடியில் உயிர் விட்டார் என்றீர்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். கண்டெடுத்த நேரம் ஒன்று பதினைந்து என்று இருக்கிறது. இவ்வளவு நாளும் அந்தக் காகிதம் என் அலுமாரியில்தான் கிடந்தது. உங்கள் வாய்ச்சொல் இருக்க, நான் ஏன் அதைப் பார்க்கப் போகிறேன்?

நான் என்னென்னவோ நினைக்கிறேன் அண்ணை. ஒரு இரும்புக்காக நீங்கள் அவரை ஏதும் செய்தீர்களோ என்று கூட நினைத்தேன். நினைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டு என்னால் லவாலில் போய் இருக்க முடியாது.

நடந்ததை எழுதுங்கள்.

இமெல்டா வலன்ரைன்

*

மொன்-லோரியே
15 மே 2005

இமெல்டாவுக்கு,

தங்கச்சி என்று எழுத இன்று கை வரவில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் எனக்குச் சாதகமாக ஏதோ ஒன்று வந்துவிட்டது.

பொறி என்னுடையதல்ல. வலனுடையது. சங்கிலி ஒட்டக் கொடுத்தேன் என்றது பொய்.

ஒவிலாவின் குடிசை றோட்டிலிருந்து ஒரு மணித்தியால நடை. இரண்டு வருடமாக அந்தப் பொறியை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். விறகு வெட்டிக் கொடுத்தேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஒக்டோபரில் ஒரு நாள் வலனைக் கூட்டிப் போனேன். அடுப்பின் புகைக்குழாய் ஓட்டை என்று கண்டு, அடுத்த கிழமை தகரம் கொண்டுவந்து புதிதாக வளைத்துப் பூட்டிக் கொடுத்தான். அந்தச் சனிக்கிழமை நாங்கள் சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனோம். கிழவர் உள்ளே போய்ப் பொறியைத் தூக்கிக்கொண்டு வந்து வலனின் கையில் வைத்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் வலன் சிரித்தான். "ஞானம், நீ ரெண்டு வருஷம் கேட்டாய். நான் ரெண்டு மணித்தியாலம் தகரம் வெட்டினன்" என்றான். பகிடிதான். பதினொரு வருடம் அவனுடைய பகிடிகளைக் கேட்டுச் சிரித்தவன் நான். அன்று அது எனக்குள்ளே போய்க் குத்தியது.

பாரம் கூடினபடியால் மாறி மாறித் தூக்குவதாகப் பேச்சு. என் முறை வந்தபோது, "உன்ரை சாமானை நீயே தூக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். முழங்கால் அளவு பனி. பின்னால் கூப்பிட்டான். "ஞானம், கொஞ்சம் நில்லடா." நான் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது. மாறியிருந்ததென்று அப்போதே எனக்குத் தெரிந்ததா, பிறகு நானே சேர்த்துக்கொண்டேனா என்று இன்று சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

வானை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்தேன். கோப்பி குடித்தேன். இரண்டாவது கோப்பையின்போது கோபம் ஆறிவிட்டது. திரும்பிப் போய், பாதையில் உள்ளே நடந்தேன். ஒரு ஊசியிலை மரத்தில் சாய்ந்து இருந்தான், பொறி மடியில். தூங்குகிறான் என்று நினைத்து ஏசிக்கொண்டே கிட்டப் போனேன்.

நான் முன்னால் நடந்து போனேன் என்று பொலிசிடம் உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் மேலே கேட்கவில்லை. மாரடைப்பு, பக்கத்தில் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். அதை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பத் தேவையில்லை. அவனுடைய சாமான் என்று பொறியைச் சாக்கில் சுற்றி அவனுடைய காரில் வைத்தார்கள். அந்தக் காரை நானே உங்கள் வாசலுக்கு ஓட்டி வந்தேன். யாரோ சாமான்களை இறக்கிக் கீழே வைத்துவிட்டார்கள்.

செத்தவீட்டில் றொஷினி என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள். என் வாயில் அது வந்துவிட்டது. பிறகு மடியும் தலையும் பதினொரு மணியும் தானாகச் சேர்ந்தன. அவன் சொல்லவில்லை. அன்று காலை வானில் அவளைப் பற்றிக் கதைத்தான்தான். "தன்ரை கலியாணத்துக்கு முதல் அவள் என்னட்டை வந்து மன்னிப்புக் கேக்கட்டும்" என்றான். கோபம் இருந்தது. இதையும் மறைத்தால் நான் எழுதியதெல்லாம் வீண்.

பொறியை ஏன் கேட்டேன்? அதைப் பார்க்கிற எந்தச் சேகரிப்பாளனும் ஒவிலாவின் பெயரைச் சொல்வான் என்ற பயம். செத்தவீட்டன்று கீழே தேடியதும் அதைத்தான். கொஞ்சம் ஆசையும் இருந்தது, இமெல்டா. அவ்வளவு நடந்த பிறகும் இருந்தது. அதையும் அறிந்துகொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஞானேந்திரன்

*

லவால்
11 செப்ரெம்பர் 2005

ஞானேந்திரன் அண்ணைக்கு,

நாலு மாதமாகப் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதம் கையில் கிடைத்த கிழமை எழுதியிருந்தால் பிறகு எடுத்து வாசிக்க முடியாதபடி எழுதியிருப்பேன்.

வீடு மாறிவிட்டேன். பொறிகள் எல்லாம் போய்விட்டன. பெரும்பகுதியைப் பெலான்ஜே தனக்குத் தெரிந்த ஆட்களிடம் சேர்த்தார். கரடிப்பொறியை அவருக்கே கொடுத்தேன். உங்களுக்குத் தரவில்லை. தந்திருந்தால் உங்களுக்கு ஏதோ ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும். அதற்கு நான் இன்னும் ஆயத்தமில்லை.

றொஷினியின் கலியாணம் ஓகஸ்ட் 20 நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை பிரணவன் நல்ல பிள்ளை, கோயில் பூசை பழக்கமில்லாதபடியால் முழுக்க எங்களைப் பார்த்து எழும்பி எழும்பி இருந்தான். உங்களுக்கு அழைப்பு அனுப்பியது அவள்தான். நீங்கள் வராததை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "மாமாவுக்கு ஏலாதாம்" என்றேன். மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, முதலில் பிரெஞ்சிலும் பிறகு தமிழிலும், "அப்பா கடைசியா என்னிலை கோவமில்லை எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்" என்றாள். சனம் எல்லாம் அழுதது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

உங்கள் கடிதத்தை அவள் காணமாட்டாள். ஆகவே இனி அந்தப் பொய் உங்களுடையது மட்டுமில்லை. நீங்கள் ஒரு நிமிடத்தில் சொன்னதை நான் சாகும்வரை காக்க வேண்டும். உங்களில் எனக்கு உள்ள கோபத்தில் பாதி அவர் தனியாகக் கிடந்ததற்கு. மற்றப் பாதி இதற்கு.

நீங்கள் அவரை ஏதும் செய்தீர்களோ என்று எழுதியிருந்தேன். அந்தச் சந்தேகம் போய்விட்டது. அதை எடுத்துவிடுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை ஒவ்வொரு தரமும் வாசிக்கும்போது, இதிலாவது எல்லாம் இருக்கிறதா என்று தேடுகிறேன். இனி உங்கள் சொல்லை நான் இப்படித்தான் வாசிப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒக்டோபர் எட்டாம் திகதி சனிக்கிழமை, பனி விழ முதல், பஸ்ஸில் மொன்-லோரியே வருகிறேன். தனியாகத்தான் வருவேன். பன்னிரண்டு பத்துக்கு பஸ் வந்து நிற்கும். அவர் இருந்த மரத்தை எனக்குக் காட்டுங்கள். வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், சாப்பாடு செய்ய வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். மெழுகுதிரி நான் கொண்டுவருவேன்.

வழி எனக்குத் தெரியாது, நீங்கள் முன்னுக்கு நடவுங்கள். முழங்கால் நோ, மெதுவாகத்தான் வருவேன். கூப்பிடமாட்டேன். நீங்களாகத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும்.

இமெல்டா